வோலரும் லீபிக்கும்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயல்,

ஆய்வகத்தில் உனக்கு வந்த அளவும் பக்கத்து மேசைக்காரருக்கு வந்த அளவும் ஒத்துப்போகவில்லை, அதனால் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாய். எனக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷம் வேதியியல் நடத்தியவளாகச் சொல்கிறேன், ஜெர்மன் வேதியியலாளர் வோலர், அவர் நண்பர் லீபிக், இவர்கள் கதை உனக்கு இப்போது வேண்டும்.

வகுப்பில் வோலரை ஒரே வரியில் முடித்துவிடுவோம்: 1828, சிறுநீரில் இருக்கும் யூரியாவைச் சோதனைச்சாலையில் செய்தார், உயிர்ப்பொருள்களை உயிர்தான் ஆக்கமுடியும் என்ற உயிர்விசைக் கொள்கை விழுந்தது. (அது ஒரே நாளில் விழவில்லை என்பது வேறு விஷயம்.) எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கதை. வோலர் சில்வர் சயனேட் என்ற வெள்ளி உப்பில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று பகுத்தார். லீபிக் சில்வர் ஃபுல்மினேட் என்ற இன்னொரு வெள்ளி உப்பைப் பகுத்திருந்தார். ஃபுல்மினேட் லேசாக உரசினாலே வெடிக்கும். சயனேட் சாதுவாகக் கிடக்கும். ஆனால் கணக்கில் இரண்டும் ஒன்று: அதே தனிமங்கள், அதே விகிதம். வோலர் கணக்கு தப்பு என்றார் லீபிக். இருவருக்கும் அப்போது இருபதுகளில்தான் வயது, உன்னைப் போல. ஆனால் அவர்கள் ஃபிராங்க்ஃபர்ட்டில் நேரில் சந்தித்துப் பேசினார்கள். மறுபடி செய்து பார்த்த லீபிக், வோலர் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டார். இருவர் கணக்கும் சரி! அதே அணுக்கள் வேறு விதமாக இணைந்தால் வேறு பொருள்; மாற்றியம் என்று நாம் படிக்கும் இது அங்கேதான் முளைத்தது. 1830இல் வோலரின் ஆசான், ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சிலியஸ் அதற்குப் பெயர் வைத்தார்.

யூரியா வந்ததும் அதே சில்வர் சயனேட்டிலிருந்துதான். அதை அம்மோனியம் குளோரைடு கரைசலோடு சேர்த்தார் வோலர். அம்மோனியம் சயனேட்டை எதிர்பார்த்தவருக்குக் கிடைத்தது நிறமற்ற படிகம்; சயனேட்டின் குணம் ஒன்றும் அதில் இல்லை. நைட்ரிக் அமிலம் விட்டதும் பளபளவென்று செதில்கள். மருத்துவம் படித்தவர், சிறுநீரை ஆராய்ந்தவர், விடுவாரா? சிறுநீரிலிருந்து பிரித்த யூரியாவையும் வைத்து ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றே. சிறுநீரகமே இல்லாமல் யூரியா செய்வேன் என்று பெர்சிலியஸுக்கு அவர் எழுதிய சந்தோஷத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

1832இல் வோலரின் மனைவி ஃபிரான்சிஸ்கா இறந்துபோனார். உடைந்துபோனவரைத் தான் வேலை பார்த்த கீசன் நகருக்கு வரவழைத்து, பக்கத்திலேயே வைத்து வேலை செய்யவைத்தவர் லீபிக். கசப்பு பாதாம் எண்ணெயை இருவரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். என்ன வினை செய்தாலும் கலையாமல் போய்வரும் ஓர் அணுக்கூட்டம் அதில் தெரிந்தது: பென்சாயில். கரிம வேதியியலுக்கு ஒரு வழி திறந்தது அந்தத் துக்க மாதங்களில்தான்.

லீபிக் கோபக்காரர். 1843இல் அவர் இன்னொருவரோடு மல்லுக்கு நின்றபோது வோலர் எழுதினார்: 1900இல் நாம் இருவரும் கார்பானிக் அமிலமாகவும் நீராகவும் அம்மோனியாவாகவும் ஆகியிருப்போம், சண்டையை யார் நினைப்பார்கள், உன் கண்டுபிடிப்புகள் நிற்கும் என்று. இப்படி எழுதச் சிநேகிதனால்தான் முடியும். 1873இல் லீபிக் இறக்கும்வரை அந்தச் சிநேகம் விடவில்லை.

சரி, நாளைக்கே அந்தப் பக்கத்து மேசைக்காரரிடம் போய் அவருடைய மாதிரியைக் கேள், உன்னுடையதையும் கொடு. இரண்டையும் ஒரே கருவியில், இருவரும் சேர்ந்து அளந்து பாருங்கள். என்ன வந்தது என்று எனக்கு உடனே எழுது. அப்புறம், லீவு கிடைத்தால் ஜெர்மனியில் இருக்கும் கோட்டிங்கன் போய் வா. வோலர் கடைசிவரை பாடம் நடத்திய ஊர். அங்கே அவர் சிலை இருக்கிறது, எனக்காக ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா