நரம்பு கிடைக்காத கைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் வெளியூரில் இருக்க, செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் மிஞ்சியிருப்போர் பெரும்பாலும் முதியவர்களே. அவர்களில் சர்க்கரை நோயுள்ளவர்கள் காய்ச்சலென்று காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ மருத்துவமனையில் சேர்ந்தால், டிரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் இரு கைகளிலும் மாறி மாறிக் குத்துவதும், புறங்கை கன்றி வீங்குவதும் அடிக்கடி காணும் காட்சியாகிவிட்டது.

இத்தகையோருக்கு அல்ட்ராசவுண்ட் கருவியின் துணையுடன் ஊசிக்குழாயைச் செலுத்தலாம். கருவியைக் கையின்மீது வைத்து மெல்ல அழுத்தினால், திரையில் கறுப்பு வட்டமாகத் தெரியும் சிரை (பேச்சுவழக்கில் நாம் நரம்பு என்பது; இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்) அமுங்கிவிடும். இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாயான தமனியோ எளிதில் அமுங்காமல் துடித்துக்கொண்டிருக்கும். ஊசிமுனை வெண்புள்ளியாகச் சிரைக்குள் நுழைவதைக் கண்ணால் பார்த்தபடியே செலுத்த முடியும். ஆழத்திலுள்ள சிரைக்குச் சற்று நீளமான குழாய் வேண்டும். குட்டையானது நழுவினால் மருந்து சதைக்குள் இறங்கிவிடும். எல்லோருக்கும் இது தேவையில்லை. நரம்பு புடைத்துத் தெரிபவர்களுக்கு விரலால் தடவிப் பார்ப்பதே விரைவானது.

கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு கட்டாயம் என்பதால் (நியாயமான கட்டுப்பாடுதான்), இந்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியை வார்டுக்குக் கொண்டுவர மருத்துவமனைகள் தயங்கக்கூடும். முறைப்படி பதிவுசெய்த கருவியொன்றை அவசரப் பிரிவிலேயே வைத்து, அங்குள்ள மருத்துவர்களுக்கு இதில் பயிற்சி அளிக்க, மாவட்ட சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு வாசகர்,
பள்ளத்தூர்.