295சி: கோளாறு எந்த வரியில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாகிஸ்தானின் மதநிந்தனைச் சட்டம், அதிலும் நபியை இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டப் பிரிவு 295சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வந்த மறுப்பையும் படித்தேன். இஸ்லாத்தில் சகிப்புக்கு இடமே இல்லை என்கிறார் ஒருவர். இஸ்லாம் என்றாலே அமைதி, எல்லாம் அரசியல்வாதிகள் செய்த வேலை என்கிறார் மற்றவர். சட்டப் பிரிவை எடுத்து ஒரு தடவை படித்துவிட்டு எழுதியதாக இரண்டிலும் தெரியவில்லை.

இந்தச் சட்டத்தின் வேர் அரபு நாட்டில் இல்லை. 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது. வழிபாட்டுத் தலத்தைச் சேதப்படுத்துவதற்கு 295, மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கு 298. மதத்தை வேண்டுமென்றே அவமதிப்பதற்கான 295ஏ பிற்பாடு வந்தது. நபிகள் நாயகத்தை இழிவுபடுத்தும் ஒரு துண்டுநூலை வெளியிட்டதற்காக லாகூர் பதிப்பாளர் ராஜ்பால் மீது வழக்குப் போட்டார்கள். இருக்கிற பிரிவுக்குள் இது வராது என்று 1927இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதில் எழுந்த கொந்தளிப்பைத் தணிக்க அதே ஆண்டு 295ஏ சேர்க்கப்பட்டது. மதத்தை நேர்மையாக ஆராய்ந்து விமர்சிப்பவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அந்த மசோதா விவாதத்தில் எச்சரித்தவர் முகமது அலி ஜின்னா. ராஜ்பாலை 1929இல் குத்திக் கொன்ற இளைஞருக்காக மேல்முறையீட்டில் வாதாடியவரும் அவரே. ஜின்னாவை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று இன்றும் இரு தரப்பும் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி பிரிவுகளின் வாசகத்துக்கு வருகிறேன். 295ஏயில் 'வேண்டுமென்றே, தீய எண்ணத்துடன்' என்ற சொற்கள் இருக்கின்றன. 298இல் 'திட்டமிட்ட நோக்கத்துடன்' என்று இருக்கிறது. ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் காலத்தில், 1982இல் குர்ஆன் பிரதியைச் சேதப்படுத்துவதற்கு ஆயுள் தண்டனை விதித்துச் சேர்த்த 295பியில்கூட 'வேண்டுமென்றே' உண்டு. 1986இல் வந்த 295சியில் மட்டும் அந்தச் சொல்லே இல்லை. பேச்சாலோ எழுத்தாலோ, குத்தலாலோ மறைமுகக் குறிப்பாலோ, நேராகவோ சுற்றிவளைத்தோ நபியின் பெயருக்கு இழுக்கு ஏற்படுத்தினால் மரணம் அல்லது ஆயுள் என்று அது எழுதப்பட்டது. குற்ற மனம் இருந்ததா என்று கேட்க அங்கே இடமில்லை. பேனா தவறினாலும் அகப்படலாம், மனநிலை சரியில்லாதவரும் அகப்படலாம். 1990 அக்டோபரில், சட்டங்கள் இஸ்லாத்துக்கு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் மத்திய ஷரீஅத் நீதிமன்றம் 'அல்லது ஆயுள்' என்ற சொற்களையும் செல்லாதவை ஆக்கியது. 1991 ஏப்ரல் 30க்குப் பிறகு மரணம் ஒன்றுதான் தண்டனை. தண்டனையைக் குறைத்துக் கொடுக்கும் வாய்ப்பு நீதிபதி கையில் இல்லை.

அடுத்த ஓட்டை வழக்குப் பதிவில். 295ஏயின்கீழ் வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 196ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அதைவிடக் கடுமையான 295சிக்கு அந்த அனுமதி தேவையில்லை. யாரும் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுக்கலாம். பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. 2004இல் ஒரு திருத்தம் வந்தது: எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்யவேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டுப்பாடு புலனாய்வுக்குத்தான், எஃப்.ஐ.ஆருக்கு இல்லை. எஃப்.ஐ.ஆர். விழுந்த நிமிடமே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெயர் வந்துவிடுகிறது. எஸ்.பி. கோப்பைப் பிரிக்கும் முன் ஆளின் வீடு எரிந்து முடிந்திருக்கும்.

ஆசியா பீபி வழக்கைக் கட்டுரையாளர் இரண்டு வரியில் தாண்டிவிட்டார். கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் அந்த வழக்கில்தான் இருக்கிறது. 2009 ஜூன் 14, பஞ்சாப் மாகாணத்தின் இட்டன்வாலி கிராமம், ஃபால்சா பழம் பறிக்கும் வேலை. கிறித்தவப் பெண்ணான ஆசியா பீபி கொடுத்த தண்ணீரைக் குடிக்க மாட்டோம் என்று இரண்டு சகோதரிகள் சொன்னதில் வாய்த்தகராறு. அதில் அவர் நபியை இழிவாகப் பேசினார் என்பது புகார். எஃப்.ஐ.ஆர். ஜூன் 19ஆம் தேதி, ஐந்து நாள் கழித்து. புகார்தாரர் ஊர்ப் பள்ளிவாசல் இமாம். சம்பவ இடத்தில் அவர் இல்லவே இல்லை. புகாரை எழுதிக் கொடுத்தது ஒரு வக்கீல். வக்கீலின் பெயர் என்ன என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் இமாமுக்குத் தெரியவில்லை. எஃப்.ஐ.ஆர். காவல் நிலையத்தில்கூடப் பதிவாகவில்லை, ஒரு வாய்க்கால் பாலத்தில் வைத்துப் பதிவானது. தோட்டத்தில் இருபத்தைந்து, முப்பது பெண்கள் இருந்திருக்கிறார்கள். சாட்சிக் கூண்டில் ஏறியவர்கள் அந்தச் சகோதரிகள் இருவர் மட்டும்.

அந்தப் பெண் பொதுக்கூட்டத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்பது அரசுத் தரப்பின் பெரிய ஆதாரம். கூட்டத்தில் எத்தனை பேர்? ஒரு சாட்சி நூறு என்றார், இன்னொருவர் இருநூறு, இருநூற்றைம்பது என்றார், ஆயிரம் என்றும் இரண்டாயிரத்துக்கு மேல் என்றும் சொன்னவர்கள் உண்டு. எந்த வீட்டில் நடந்தது என்பதிலும் ஆளுக்கொரு விலாசம். அதில் ஒரு வீடு ஐந்து மர்லா, நம் கணக்கில் மூன்று சென்ட். 2018 அக்டோபர் 31 அன்று பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் இவற்றை வரிசையாக அடுக்கிக் காட்டி விடுதலை செய்தது. புதிய சாட்சி ஒருவரும் வரவில்லை. 2010இல் மரண தண்டனை கொடுத்த விசாரணை நீதிபதியின் மேசையிலும், 2014இல் அதை உறுதிசெய்த லாகூர் உயர் நீதிமன்றத்தின் மேசையிலும் இருந்த அதே காகிதங்கள்தான்.

அப்படியானால் கீழ் நீதிமன்றங்கள் இதை ஏன் எழுதவில்லை? பயம்தான் காரணம். ஆசியா பீபியைச் சிறையில் போய்ப் பார்த்த பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை 2011 ஜனவரி 4ஆம் தேதி அவருடைய பாதுகாவலரே சுட்டுக் கொன்றார். இரண்டு மாதத்தில், இச்சட்டத்தை எதிர்த்த அமைச்சர் ஷாபாஸ் பட்டி கொல்லப்பட்டார். முல்தான் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஜுனைத் ஹஃபீஸ் 2013இல் மதநிந்தனை வழக்கில் கைதானார். அவருக்கு ஆஜரான வழக்கறிஞர் ராஷித் ரஹ்மானை 2014 மே மாதம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். விசாரணை முடிவதற்குள் நீதிபதிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2019 டிசம்பரில் தீர்ப்பு, மரணம். விடுதலை என்று எழுதினால் நீதிபதி அன்றிரவு வீடு போய்ச் சேரவேண்டும். மரணம் என்று எழுதினால் மேல்முறையீட்டில் யாராவது பார்த்துக்கொள்வார்கள். அந்த 'யாராவது' வருவதற்கு ஆசியா பீபி எட்டு ஆண்டு காத்திருந்தார்.

கட்டுரையில் ஒரு பிழையையும் சுட்டவேண்டும். 'இச்சட்டத்தால் தூக்கிலேற்றப்பட்டவர்கள்' என்று எழுதியிருக்கிறார். 295சியின்கீழ் பாகிஸ்தான் அரசு இன்றுவரை எவரையும் தூக்கிலிட்டதில்லை. கொன்றது கும்பல். 2017இல் மர்தான் பல்கலைக்கழக மாணவர் மஷால் கான், 2021 டிசம்பர் 3இல் சியால்கோட் தொழிற்சாலை மேலாளரான இலங்கையர் பிரியந்த குமார. பிரியந்த குமார செய்தது, தொழிற்சாலைச் சுவரில் மத வாசகம் இருந்த சுவரொட்டியை அகற்றியது. அந்தக் கொலையில் 2022 ஏப்ரலில் ஆறு பேருக்கு மரண தண்டனையும் ஒன்பது பேருக்கு ஆயுளும் விதிக்கப்பட்டன. அந்த வேகம் மற்ற வழக்குகளில் வருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இப்போது இது கைப்பேசிக்கு வந்துவிட்டது. நடைமுறை இப்படி: ஒரு பெண்ணின் பெயரில் உள்ள கணக்கு இளைஞனோடு பேச்சுக் கொடுக்கும். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடும். குழுவில் ஆட்சேபகரமான படம் ஒன்று வரும். பையன் பதறி 'என்ன இது?' என்று கேட்பான். 'நான் என்ன அனுப்பினேன்? திருப்பி அனுப்பு, பார்க்கிறேன்' என்று பதில் வரும். அவன் அனுப்பினால் முடிந்தது; பகிர்ந்தவன் அவன் ஆகிவிட்டான். ஸ்க்ரீன்ஷாட்டோடு புகார் போகும், அல்லது பணம் கேட்டுப் பேரம் நடக்கும். இப்படி ஒரு கும்பல் இயங்குவதாக 2024இல் பஞ்சாப் போலீஸின் சிறப்புப் பிரிவே அறிக்கை கொடுத்தது. மதநிந்தனை வழக்குகளில் சிறையில் இருந்தவர்கள் 2020இல் 11 பேர், 2024 ஜூலையில் 767 பேர் என்பது அந்நாட்டு மனித உரிமை ஆணையத்தின் கணக்கு. 2025 ஜூலையில் இதை விசாரிக்க ஆணையம் அமைக்குமாறு இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி உத்தரவிட்டார். பத்து நாள் ஆவதற்குள் இரு நீதிபதி அமர்வு அதை நிறுத்திவைத்தது.

மறுப்பு எழுதிய நண்பருக்கும் ஒரு வார்த்தை. 'இது மார்க்கச் சட்டம், மாற்ற முடியாது' என்று அங்குள்ள கட்சிகள் சொல்வதை அவரும் ஏற்றுக்கொண்டே எழுதுகிறார். பாகிஸ்தானில் பெரும்பான்மை ஹனஃபி மத்ஹப் (இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்று). நம் ராவுத்தர்களும் பெரும்பாலும் அதுதான். முஸ்லிமல்லாத குடிமகன் நபியை ஏசினால் அதற்காக அவனைக் கொல்வதில்லை என்பது இமாம் அபூ ஹனீஃபாவின் நிலைப்பாடு. அவன் ஏற்கெனவே இருக்கும் நிராகரிப்பு இதைவிடப் பெரியது, அதோடுதானே அவனுக்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறோம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். வேண்டுமானால் நீதிபதி தன் விருப்புரிமையில் தண்டிக்கலாம். முஸ்லிம் ஒருவர் தௌபா செய்தால் (வருந்தி மன்னிப்புக் கேட்டால்) ஏற்பதா என்பதிலும் மத்ஹபுகளுக்குள் வேறுபாடு உண்டு. இத்தனை கருத்துகளில் ஒன்றை மட்டும் எடுத்து நாடாளுமன்றச் சட்டத்தில் பொருத்தியது மனிதர்கள். எடுத்தவர்கள் திருத்தவும் முடியும்.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். 295ஏ இங்கே 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299 ஆகியிருக்கிறது. அதிகபட்சம் மூன்று ஆண்டு. எந்த அவமதிப்பையும் இதில் அடைக்க முடியாது, திட்டமிட்ட, தீய எண்ணமுள்ள அவமதிப்பு மட்டுமே குற்றம் என்று 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் கோடு போட்டது. வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி இன்றும் வேண்டும். அதனால்தான் இங்கே நிறைய வழக்குகள் வழியிலேயே விழுகின்றன. ஆனாலும் பிடிக்காதவரைச் சில நாள் உள்ளே வைக்க இந்தப் பிரிவு போதுமானதாக இருக்கிறது, அதையும் மறைப்பதற்கில்லை.

'நம்மிடமும் கடுமையான சட்டம் வேண்டும்' என்று கட்டுரையின் கடைசியில் ஒரு வரி. அந்தக் கோரிக்கை முஸ்லிம்களுடையது மட்டுமில்லை. இந்தியப் பஞ்சாபில் புனித நூல்களை அவமதித்தால் ஆயுள் என்று 2018இல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. 2025 ஜூலையில் இன்னொன்று வந்தது: பத்து ஆண்டு முதல் ஆயுள் வரை, ஜாமீன் இல்லை, சமரசமும் இல்லை, புலனாய்வு டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி. எல்லைக்கு அந்தப் பக்கம் எஸ்.பி., இந்தப் பக்கம் டி.எஸ்.பி.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்து இந்தப் பொருளில் எழுதும்போது 295ஏ, 295சி இரண்டின் வாசகத்தையும் தமிழில் அருகருகே ஒரு பெட்டியில் போடுங்கள். இரண்டும் சேர்ந்து இருபது வரி வராது.

இப்படிக்கு,
வாசகர், திருச்சிராப்பள்ளி