அழுகண்ணி பூக்கும் ஈரத்தரிசில் குழியெடுப்பதைத் தவிர்க்கக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: மழைக்காலத்தில் மட்டும் நீர் ஊறும் தரிசு நிலத்தில் வளரும் அழுகண்ணிச் செடிகளைப் பாதுகாத்தல் – குறுங்காடு அமைக்கும் பணிக்கு மாற்றிடம் ஒதுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் ஊராட்சியில் கண்மாய்க்கு மேற்கே, சரளை மேட்டின் அடிச்சரிவில், வருவாய்ப் பதிவேட்டில் ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்று குறிக்கப்பட்டுள்ள நிலத்தில் குறுங்காடு அமைப்பதற்காக, வரும் புரட்டாசியில் பொக்லைன் வைத்துக் குழியெடுக்க இருப்பதாக அறிகிறேன். மரம் வளர்க்கும் முயற்சியை நான் எதிர்க்கவில்லை. ஊரில் நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர்களில் நானும் ஒருவன். இந்தச் சரிவில் மட்டும் அப்பணி வேண்டாம் என்று கேட்கவே இம்மனுவை அளிக்கிறேன்.

அங்கே அழுகண்ணி வளர்கிறது. அப்பெயர் வேறு சில செடிகளுக்கும் வழங்குவதால், நான் குறிப்பிடுவது தாவரவியலில் டிரோசெரா இண்டிகா, டிரோசெரா பர்மானி எனப்படும் இரண்டு பூச்சியுண்ணிச் செடிகளை என்று தெளிவுபடுத்துகிறேன். முன்னது நூல்போன்ற இலைகளுடன் நிமிர்ந்து வளர்ந்து இளஞ்சிவப்பாகப் பூக்கும். பின்னது நாணயம் போலத் தரையோடு ஒட்டி வட்டமாக இலைவிரித்து, நடுவிலிருந்து எழும் மெல்லிய தண்டில் வெள்ளைப் பூக்களைத் தாங்கும். இரண்டின் இலைகளிலும் உள்ள மயிர்களின் நுனியில் பசைத்துளிகள் கண்ணீர் போலத் திரண்டு நிற்கும். அந்த மண்ணில் தழைச்சத்து மிகவும் குறைவு என்பதால், பசையில் ஒட்டிக்கொள்ளும் சிறு பூச்சிகளைச் செரித்து அக்குறையை இச்செடிகள் ஈடுசெய்துகொள்கின்றன.

வடகிழக்குப் பருவமழையில் மேட்டில் இறங்கும் நீர், சரளைக்கு அடியில் கசிந்து வந்து இந்தச் சரிவில் மெல்ல ஊறுகிறது. தேங்கி நிற்பதில்லை, மண் மட்டும் தை மாதம் வரை ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தில் முளைத்துப் பூத்து, தூசி போன்ற விதைகளை மேல்மண்ணில் உதிர்த்துவிட்டு, பங்குனி வெயிலுக்குள் செடிகள் காய்ந்து மறைந்துவிடுகின்றன. ஆகவே கோடையில் இடத்தைப் பார்வையிட்டவர்கள் அதை வெறும் பொட்டல் என்று எழுதியதில் வியப்பில்லை. ஆண்டில் சில மாதங்களே ஈரமாக இருக்கும் நிலத்துக்கென ஒரு வகைப்பாடு பதிவேட்டில் இல்லாததே சிக்கலுக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

குழியெடுத்தால் விதைகள் இருக்கும் மேல்மண் அடிக்குப் போய்விடும். இவ்வளவு சிறிய விதைகள் ஆழத்திலிருந்து முளைத்து மேலே வர இயலாது. கன்றுகளுக்கு இடும் எருவால் மண் வளமாகும்போது, அதுவரை அங்கே தழைக்க முடியாதிருந்த புல் அடர்ந்து வளர்ந்து இச்செடிகளை மூடிவிடும். மரங்கள் வளர்ந்த பின்னர் நிழல் விழும். முழு வெயிலின்றி அழுகண்ணி வாழாது. செடிகளைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டுக்கொள்ளலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். ஓராண்டில் வாழ்ந்து முடியும் செடியைப் பெயர்க்க முடிந்தாலும், அதற்கு உயிர் கொடுக்கும் அந்த நீர்க்கசிவைப் பெயர்க்க முடியாது. கம்பிவேலியும் வேண்டாம் என்றே கேட்கிறேன். ஆடுகள் அளவாக மேய்வதால்தான் புல் உயராமல் இருக்கிறது.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி ஊராட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். எங்கள் ஊராட்சியின் பதிவேட்டில் இந்நிலமும் இச்செடிகளும் இடம்பெற ஆணையிட வேண்டுகிறேன். 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகளும், நிலையான நீர்நிலைகளோடு தற்காலிகமானவற்றையும் ஈரநிலம் என்றே வரையறுக்கின்றன. பரப்பு சிறிது என்பதால் இக்கோரிக்கையைத் தள்ளிவிட வேண்டாம். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, ஏறத்தாழ 5 ஹெக்டேர் மட்டுமே கொண்ட திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி கோயில்காட்டுக்கும் 2025இல் அந்தத் தகுதி கிடைத்திருக்கிறது.

இப்போது ஆய்வுக்கு வந்தால் எதுவும் கண்ணில் படாது என்பதால், வரும் மார்கழியிலோ தை முதல் வாரத்திலோ, செடிகள் பூத்திருக்கும் காலை நேரத்தில், வனத்துறை அலுவலர் ஒருவரையும் அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் பேராசிரியர் ஒருவரையும் அனுப்பி நேரில் ஆராயச் செய்யவும், அந்த அறிக்கை வரும்வரை குழியெடுத்தல், கிராவல் அள்ளுதல் ஆகிய பணிகளை நிறுத்தி வைக்கவும், சீமைக் கருவேல மரங்கள் அகற்றப்பட்டு வெறுமையாகக் கிடக்கும் கண்மாய்க் கரையைக் குறுங்காட்டுக்கு ஒதுக்கவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மருந்துக்காக வேரோடு பிடுங்கிச் செல்பவர்கள் உண்டு. எனவே நில அளவை எண்ணைத் தனித்தாளில் இணைத்துள்ளேன். அதனைப் பொது அறிவிப்பில் வெளியிடாமல் காக்கவும் வேண்டுகிறேன்.

ஆய்வுக்கு வருபவர்களை உடன் அழைத்துச் சென்று இடத்தைக் காட்ட எந்நாளும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊராட்சிவாசி ஒருவர்.