கடைசி வேளை மருந்து

அன்புள்ள கதிர்,

கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லாருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள்.

உன் துப்பறியும் கதையைப் படித்துவிட்டேன். பினாங்கில் இருந்துகொண்டு சிங்கப்பூரின் தோ பாயோ அடுக்குமாடி புளோக்கையும் தாழ்வாரத்துப் பூந்தொட்டிகளையும் அப்படியே கொண்டுவந்திருக்கிறாய். கொலைகாரன் பிடிபடும் இடம்தான் எனக்கு ஒப்பவில்லை. மின்தூக்கிக் கேமரா என்று ஒன்று இருப்பதே கடைசி அத்தியாயத்தில்தான் தெரிகிறது. துப்பறிபவருக்குத் தெரிந்ததை வாசகனுக்குக் காட்டாமல் வைத்திருந்தால் அவன் கோபித்துக்கொள்வான், அது நியாயமும்கூட.

அகதா கிறிஸ்டி இந்த விஷயத்தில் எவ்வளவு நேர்மையானவர் என்று பார்க்க, 1920இல் வந்த அவருடைய முதல் நாவல் 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' போதும். நீ படித்ததுதான், முடிச்சை அவிழ்த்தே பேசுகிறேன். எமிலி இங்கிள்தார்ப் ஸ்டிரிக்னைன் நஞ்சால் சாகிறார். எல்லார் கண்ணும் காப்பியிலும் கோகோவிலும். நஞ்சு இருந்ததோ அவருடைய வழக்கமான டானிக்கில். அந்தக் காலத்து டானிக்கில் ஸ்டிரிக்னைன் மிகச் சிறிய அளவில் இருக்கும். அதில் தூக்கத்துக்கான புரோமைடு பொடியைக் கலந்தால் ஸ்டிரிக்னைன் கரையாத படிகமாகி அடியில் தங்கிவிடும். கடைசி வேளையில் கிட்டத்தட்ட மொத்தமும் ஒரேயடியாக உள்ளே போகும். குப்பியைக் குலுக்கினால் திட்டம் கெட்டது. அதனால் மருந்தை ஊற்றிக் கொடுப்பவர் குலுக்காமல் பார்த்துக்கொள்கிறார்.

மரண விசாரணைக் காட்சியை எடுத்துப் பார். டானிக்கே காரணமாக இருக்குமோ என்று கேள்வி வருகிறது. மருந்து புதிதாகக் கலந்து வந்ததா? இல்லை, இறந்த அன்றுதான் கடைசி வேளையைக் குடித்தார் என்கிறாள் வேலைக்காரி டார்கஸ். அதோடு சந்தேகம் தீர்ந்ததாக நினைத்து நாமும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். விடையே அந்த ஒரு வரிதான்! துப்பை ஒளிக்காமல், சந்தேகத்தைத் தீர்க்கும் பதிலாகவே கொடுத்துவிடுகிறார். அவரிடம் நான் மிகவும் மதிக்கும் திறமை இது.

நீயும் இரண்டாம் அத்தியாயத்திலேயே கேமராவைக் கொண்டுவந்துவிடு. யாராவது அதைப் பற்றிக் கேட்கட்டும், "அது ஓடி என்ன பயன், என் சைக்கிளைத் திருடினவன் அகப்பட்டானா?" என்று பக்கத்து வீட்டு மாமி சத்தம் போடட்டும். வாசகன் சைக்கிளின் பின்னால் போய்விடுவான்.

நஞ்சைப் பற்றி கிறிஸ்டி எழுதியதெல்லாம் தொழில் தெரிந்து எழுதியது. முதல் உலகப் போரின்போது டார்க்கீ நகரில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து, 1917இல் மருந்து கலப்பவருக்கான தேர்விலும் தேறியவர். 1961இல் வந்த 'தி பேல் ஹார்ஸ்' நாவலில் தாலியம் நஞ்சு வரும். முடி உதிர்வதுதான் முக்கிய அறிகுறி. 1977இல் கத்தாரிலிருந்து லண்டன் மருத்துவமனைக்குக் கொண்டுவந்த ஒரு குழந்தைக்கு என்ன நோய் என்று மருத்துவர்களுக்குப் பிடிபடவில்லை. அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த தாதி ஒருவர், முடி உதிர்வதைக் கவனித்து இது தாலியமாக இருக்குமோ என்றார். சோதனையில் அது உறுதியானது, குழந்தையும் பிழைத்தது. ஓர் எழுத்தாளருக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்?

கிறிஸ்டியின் பாத்திரங்களுக்கு ஆழம் போதாது என்று நீ சொல்வது பாதி சரி. ஆரம்ப கால நாவல்களில் யூதர்களைப் பற்றி வரும் வரிகள் எனக்கும் உறுத்துகின்றன. அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, உன் நீதிமன்றக் காட்சி நீளம். ஸ்டைல்ஸ் நாவலிலும் முதலில் துப்பறிபவர் புவாரோ நீதிமன்றத்தில்தான் எல்லாவற்றையும் விளக்கினார். பதிப்பாளர் ஜான் லேன் மாற்றச் சொன்ன பிறகுதான் எல்லாரையும் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்துச் சொல்லும் முடிவு வந்தது. உன் கதையில் சந்தேகத்துக்குரியவர்கள் ஆறு பேர். மூவறை வீட்டுக் கூடத்தில் ஆறு பேரை உட்காரவைத்தால் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காமல் இருக்க முடியாது. அங்கேயே வைத்துக்கொள்.

அன்புடன்,
சேகர்