நோட்டை வாங்காதீர்கள்: டர்பன் மசாலா வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

டர்பன், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட்டில் மசாலா அரைத்து விற்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

"வேலைக்கு இருந்த பையனைக் கோர்ட்டுக்கு இழுத்துவிட்டாள்" என்று கோயில் மண்டபத்தில் பேச்சு நடக்கிறது. போன தைப்பூசத்தன்று என் காதிலேயே விழுந்தது. முதுகுக்குப் பின்னால் பேசுவது போதும், நானே எழுதிவிடுகிறேன்.

என் அப்பாவின் மசாலா நோட்டைப் பையன் போனில் படம் பிடித்தான், ஒரு கடைக்காரர் அதைக் காசு கொடுத்து வாங்கினார். வழக்கில் முதல் எதிராளி பையன் அல்ல, உங்களில் ஒருவரான அந்தக் கடைக்காரர். பெயர் சொல்ல மாட்டேன்.

1960களில், தென்னாப்பிரிக்க மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்திய குரூப் ஏரியாஸ் சட்டம் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து எங்களைக் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்தில் போட்டபோது வீடு போனது, கடை போனது. அப்பா மடியில் கட்டிக்கொண்டு வந்தது ஒரு நோட்டுத்தான். எத்தனை ராத்தல் மல்லிக்கு எவ்வளவு சோம்பு, எதை முதலில் வறுப்பது, பட்டையை எப்போது இறக்குவது, எல்லாம் தமிழில் எழுதியிருக்கும். இந்த ஊரில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அந்த எழுத்தே பூட்டு என்று இருந்துவிட்டோம். பையனுக்குத் தமிழில் 'அ' கூடத் தெரியாது. அவன் போனுக்குத் தெரிந்திருக்கிறது.

"சேர்மானம்தான் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கிறதே, இதில் என்ன ரகசியம்?" என்று ஒருவர் கேட்டார். 2010ஆம் ஆண்டு லேபிள் விதிப்படி சேர்மானங்களை எடை இறங்குவரிசையில் போடவேண்டும், உண்மைதான். மல்லிக்குப் பிறகு மிளகாய் என்று தெரியும். எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு, எந்தப் பதத்தில் அடுப்பை அணைப்பது என்பதை எந்த லேபிளும் சொல்லாது.

இந்த நாட்டில் வியாபார ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது. முறைகேடான போட்டி என்ற பொதுச் சட்ட வழியில்தான் போகவேண்டும். அந்தத் தகவல் தொழிலுக்குப் பயன்படுவதா, ஊரறியாததா, பண மதிப்புள்ளதா என்று நீதிமன்றம் பார்க்கும். போட்டிக் கடைக்குப் போகக்கூடாது என்று பையனிடம் நான் எந்த ஒப்பந்தமும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் மாக்னா அலாய்ஸ் என்ற கம்பெனியின் வழக்கில் 1984இல் வந்த தீர்ப்பின்படி, அது நியாயமற்றது என்று காட்டும் பாரம் அவன் தலையில் விழுந்திருக்கும். வாங்காததில் எனக்கு வருத்தமில்லை. அவன் எங்கு வேண்டுமானாலும் வேலை பார்க்கட்டும். ஆறு வருஷம் என் அடுப்படியில் நின்று பழகிய கைப்பக்குவம் அவனுடையது, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. நோட்டு என்னுடையது.

ஒரு வேடிக்கை கேளுங்கள். நம் அரசியல் சாசனம் 6ஆம் பிரிவில் தமிழைப் பெயர் சொல்லி மதிக்கிறது, ஆனால் ஆட்சிமொழி ஆக்கவில்லை. அதனால் நோட்டைக் கோர்ட்டில் வைக்கவேண்டுமானால் சத்தியப்பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலமாக்கித் தரவேண்டும். திருடனிடமிருந்து காப்பாற்ற அப்பாவின் பூட்டை நானே உடைக்கவேண்டும்! அந்தப் பக்கங்களை எதிர்த்தரப்பு வக்கீலைத் தவிர யாரும் பார்க்கக்கூடாது என்று உத்தரவு கேட்டிருக்கிறோம். மொழிபெயர்ப்பாளர் கூலி, வக்கீல் கூலி எல்லாம் சேர்த்து எத்தனை மூட்டை மிளகாய்த்தூள் ஆகும் என்று கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன்.

பெரியவர்கள் சிலர் "நம்மவர்களுக்குள் பேசி முடிக்கலாமே" என்றார்கள். போய் உட்கார்ந்தேன். "விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் எல்லாரும் எல்லாரையும் பார்த்துத்தானே செய்கிறோம்" என்றார் அந்தக் கடைக்காரர். பார்த்துச் செய்யுங்கள், ருசித்துப் பார்த்தும் செய்யுங்கள், என்னைவிட நன்றாகவே செய்யுங்கள். அதற்கு நான் வழக்குப் போடவில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று பையனுக்குப் பணம் எண்ணிக் கொடுத்தீர்களே, அதற்குத்தான்.

என் மில்லிலிருந்து யார் வேலை கேட்டு வந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். போனைத் திறந்து படம் காட்டினால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

தம்பி, இதை யாராவது உனக்குப் படித்துச் சொல்வார்கள். படங்களை அழித்துவிட்டேன் என்று சத்தியக் கடுதாசி கொடுத்தால் உன் பெயரை வழக்கிலிருந்து எடுக்க வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் பெயரை எடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் மசாலாக்காரி