செம்பருத்தித் தொட்டியில் எறும்பு

திருச்சி
ஞாயிறு மாலை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. மருமகள் புது வேலையில் சேர்ந்ததைக்கூட ஓரத்தில் நுணுக்கி எழுதிவிட்டு, மீதி எல்லாம் மாடிச் செம்பருத்தித் தொட்டியில் மொய்க்கிற எறும்புப் புராணம். சரி, அந்த அளவுக்குப் படுத்துகிறது போல. எறும்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கொதிக்கிற தண்ணீரை ஊற்றப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் செய்யாதே. நான் ஊற்றிப் பார்த்தவள். போன வருடம் என் குண்டுமல்லித் தொட்டியில் எறும்பும் போயிற்று, மல்லியும் போயிற்று. எறும்பு மட்டும் பத்து நாளில் திரும்பி வந்தது. அதற்கு முன்னால் மஞ்சள்தூள் தூவினேன், எறும்பு சாக்பீஸால் தொட்டியைச் சுற்றிக் கோடு போட்டேன். மறுநாள் தண்ணீர் ஊற்றியதும் கோடு கரைந்து ஓடிவிட்டது. அந்தச் சாக்பீஸ் பூச்சி மருந்துதான் என்பதால் கீரை, புதினா பக்கம் கொண்டு போகாதே.

உன் செம்பருத்தி மொட்டுக் காம்பையும் இலையின் அடிப்பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பார். பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. துளிரில் பச்சையாகவோ கறுப்பாகவோ மொய்த்தால் அசுவினி. இரண்டும் செடியின் சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பாகக் கழிக்கும். அதை நக்கத்தான் எறும்பு வரிசை கட்டுகிறது. நக்குவதோடு விடாமல் காவலும் காக்கிறது. மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும் சின்னக் குளவியையும் விரட்டிவிடும். நாம் பால் மாட்டைப் பார்த்துக்கொள்கிற மாதிரிதான். இலையில் கரி பூசினது போல இருக்கிறது என்றாயே, அது அந்த இனிப்பின் மேல் படர்கிற பூஞ்சை.

மாவுப்பூச்சி விஷயத்தில் உங்கள் கோயம்புத்தூர் பெயர் வாங்கிய ஊர். பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டது 2008இல் அங்கேதான். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தோட்டம் தோட்டமாக வெளுத்துப் போயிற்று. கடைசியில் 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை, அதாவது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிற குளவியைக் கொண்டுவந்து வளர்த்து விட்டார்கள். கொசுவை விடச் சின்னக் குளவி. மருந்துக்கு அடங்காததை அது அடக்கியது.

அதனால் முதலில் பூச்சியைக் கவனி. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடு. ரொம்ப அப்பிய கிளையை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடு. மாடியிலேயே எறிந்துவிடாதே. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துக் குலுக்கி, வெயில் தாழ்ந்த பிறகு தெளி. வாரம் ஒருமுறை, மூன்று வாரம். ஒரே நாளில் பலன் கேட்காதே, உனக்குப் பொறுமை கிடையாது என்று எனக்குத் தெரியும்.

பூச்சியே இல்லாமல் மண்ணில் மட்டும் எறும்பு என்றால் அது கூடு. தென்னை நார்க்கழிவு அதிகம் போட்ட தொட்டி ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால், ஊற்றுகிற தண்ணீர் ஓரமாகவே வழிந்து போகும், நடுவில் உலர்ந்தே கிடக்கும். எறும்புக்கு அதைவிட நல்ல வீடு ஏது? என் கறிவேப்பிலைத் தொட்டியைப் பெரிய வாளித் தண்ணீரில் விளிம்பு வரை இருபது நிமிடம் அமுக்கி வைத்தேன். வெள்ளை வெள்ளையாகக் கூட்டுப்புழுவை வாயில் கவ்விக்கொண்டு கூட்டம் கூட்டமாக மேலேறி வந்தன, பாவமாகத்தான் இருந்தது. மணிக்கட்டில் நாலு கடி வாங்கியதும் அந்தப் பாவமெல்லாம் போய்விட்டது. இரண்டு நாள் விட்டு இன்னொரு முறை அமுக்கினேன், தீர்ந்தது.

தூக்க முடியாத சிமெண்ட் தொட்டிக்கு வெண்காரம், அதுதான் போராக்ஸ். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் நாலு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாக வெண்காரம். கூடப் போட்டால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், கூட்டுக்குள் ராணிக்குப் போய்ச் சேராது. மூடியில் பஞ்சை நனைத்துத் தொட்டிக்கு வெளியே வை. மண்ணில் ஊற்றினால் செடி கருகும். முதல் நாள் இன்னும் நிறைய எறும்பு வரும், பயப்படாதே. பேரன் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து வை, அவன் எதையும் வாயில் போடுகிற வயது.

தொட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் வை. அடி ஓட்டைதான் எறும்புக்கு வாசல். தண்ணீர்த் தட்டில் நிறுத்துவதானால் வாரம் ஒருமுறையாவது தட்டைத் தேய்த்துக் கழுவு, இல்லையென்றால் எறும்புக்குப் பதில் கொசு.

இங்கே எல்லாரும் சுகம். அவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது சாம்பாரில் கிடக்கிற சீரகத்தைக்கூட எண்ணுகிறார். நீ ஜூனில் வரும்போது அந்த அடுக்குச் செம்பருத்தியில் ஒரு குச்சி ஒடித்துக்கொண்டு வா. கழுவிக் கொண்டு வாடி.

அன்புடன்,
உன் ராஜி