தண்ணீர்மேல் சிரட்டைக்கரி

மக்கா,

நலமா? இங்கே மழை விட்டபாடில்லை, தக்கலைப் பக்கம் ரப்பர் பால்வெட்டு நின்று கிடக்கிறது, அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. சரி, நீ கேட்டதுக்கு வருகிறேன்: தண்ணீரில் மிதக்கிற துகள்களை வெளிச்சத்தை வைத்துக் கூட்டமாக ஓட்டுகிறார்களாமே, வெளிச்சம் எதையாவது தள்ளுமா என்று.

தள்ளும், ஆனால் ஒரு சதுர மீட்டரில் விழுகிற உச்சி வெயில் மொத்தமும் சேர்ந்து தள்ளுவது ஒரு கொசுவின் எடைகூடத் தேறாது. வேலை செய்வது தண்ணீரின் பரப்பு இழுவிசைதான், அதாவது தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் மாதிரி சுருங்கப் பார்க்கிற விசை. 20 டிகிரியில் அது மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன், ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 0.15 குறையும். சூடான இடம் தளர்ந்துவிடும், சுற்றியுள்ள குளிர்ந்த தண்ணீர் மேற்பரப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். 1865-இல் இத்தாலிக்காரர் கார்லோ மரங்கோனி எழுதிய சங்கதி. உங்கள் வீட்டுத் தொட்டியில் கற்பூரம் ஒட்டிப் படகு விட்டோமே, அதுவும் இதுதான், சூட்டுக்குப் பதில் கற்பூரம்.

வெயில் தலைகாட்டிய ஒரு மத்தியானம், பீங்கான் தட்டில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, பொடித்துச் சலித்த சிரட்டைக்கரியைத் தூவி, மேலே லென்ஸைப் பிடித்தேன். வெயில் குவிந்த இடத்தில் தூள் சட்டென்று விலகி வட்டமாக வழிவிட்டது. லென்ஸை நகர்த்தினால் வட்டமும் கூடவே போகிறது, முன்னால் கிடப்பது ஒதுங்க, பின்னால் உள்ளது சாவகாசமாக வந்து மூடுகிறது. மீன்குழம்பு தொட்ட விரலை ஒரு தடவை வைத்தால் போதும், ஆட்டம் படுத்துவிடும். சூடு உண்டாக்கிய ஏற்றத்தாழ்வை எண்ணெய்ப் படலம் ஈடுகட்டிவிடுகிறது.

எனக்குப் பிடித்தது அதுக்கு அப்புறம்தான். கரி வெளிச்சத்தை விழுங்கித் தானும் சூடாவதால் ஒவ்வொரு துகளும் தன்னைச் சுற்றி ஓர் ஓட்டம் கிளப்புகிறது, பக்கத்துத் துகள் அதில் மாட்டுகிறது, அது கிளப்புவதில் இது மாட்டுகிறது. ஒற்றைத் துகளுக்குக் கணக்குப் போட்டுவிட்டு, ஆயிரம் துகளுக்கு அதையே ஆயிரத்தால் பெருக்கினால் விடை வராது.

ஆய்வுக்கூடத்தில் சூடே இல்லாமலும் செய்கிறார்கள். அசோபென்சீன் என்கிற, ஒளி பட்டால் வடிவம் மாறும் பகுதி கொண்ட ஒருவகைச் சோப்புப் பொருளைத் தண்ணீரில் கரைக்கிறார்கள். புற ஊதா ஒளி பட்டால் அதன் மூலக்கூறு மடங்கும், அந்த இடத்தில் பரப்பு இழுவிசை கூடும், துகள்கள் ஒளியைத் தேடி வரும். நீல ஒளி பட்டால் மூலக்கூறு நிமிரும், வந்ததெல்லாம் சிதறும்.

ஓணம் லீவுக்கு வருவாய்தானே? வரும்போது பெரிய லென்ஸாக ஒன்று வாங்கிக்கொண்டு வா. நான் எடுத்தது அப்பா பஞ்சாங்கம் படிக்கிற லென்ஸ், வீட்டில் ஒரே சத்தம்.